லேகியத்துக்கு முன்னால் காதைப் பாருங்கள்

"பையனுக்குப் பாடமே ஏற மாட்டேங்குது, வல்லாரை லேகியம் கொடுங்க டாக்டர்!" கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பெற்றோர் பலர் இப்படிக் கேட்கிறார்கள். லேகியம் இருக்கட்டும். முதலில் அரசு மருத்துவமனையில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். காது மந்தமான குழந்தையை 'மக்கு' என்று முத்திரை குத்திவிடுகிறோம். எழுத்துகள் குழம்பித் தெரியும் கற்றல் குறைபாடும் உண்டு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில் படிக்கலாம் என்கிறது அந்தச் சட்டம்.

எப்படிப் படிக்க வைப்பது? 2018-ல் வந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே வழி இருக்கிறது. அவற்றில் அச்சிட்டுள்ள கியூ.ஆர். கோடை செல்போனில் காட்டினால் பல பாடங்கள் வீடியோவாக ஓடும். டீச்சர் ஒருமுறை சொன்னது காற்றோடு போய்விடும். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். காது மந்தமான பிள்ளைக்குப் படம், பார்வை குறைந்த பிள்ளைக்குக் குரல், எழுத்து குழம்பும் பிள்ளைக்கு இரண்டும் உதவும். இதையே வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டி, விடையை ஒருவர் சொல்ல, ஒருவர் வரைய, ஒருவர் தொட்டுக் காட்ட என்று பழக்கினால், எந்தப் பிள்ளையும் மூலையில் ஒதுங்காது.

வீட்டில் ஒரு பத்தியம்: செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.