குருதியில் நொதி மிகுந்தால் புற்றுநோயா?

குருதிச் சோதனைத் தாள்களில் 'எல்.டி.எச்.' என்ற மூன்றெழுத்தை நண்பர்களுள் பலர் கண்டிருக்கலாம். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதியின் சுருக்கப் பெயர் அது. சர்க்கரை சிதைந்து உண்டாகும் பைருவேட்டை லாக்டேட்டாகவும், லாக்டேட்டை மீண்டும் பைருவேட்டாகவும் மாற்றுவது அதன் தொழில். இதயம், ஈரல், தசை, சிவப்பணு என்று ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் அது உண்டு. அணு உடைந்தால் அது வெளியே கசிந்து குருதி நீரில் கலந்துவிடுகிறது. ஆகவே அந்த எண் உயர்ந்திருந்தால், உடலில் எங்கோ அணுக்கள் மிகுதியாக மடிகின்றன என்று கொள்ளலாம்.

இதைப் பற்றி எழுதத் தூண்டியது கல்லாறு. விதுராவைக் கடந்து பொன்முடிக்கு ஏறும் வழியில், உருண்டைக் கற்களுக்கிடையே ஆறு ஓடும் அடிவாரச் சிற்றூர் அது. அங்கே சென்றிருந்தபோது நான் பேசிய தமிழைக் கேட்டு, தோட்டத்தில் வேலை செய்யும் நெல்லைப் பக்கத்துக்காரர் ஒருவர் அருகே வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காய் மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார்.

"தம்பி, படிச்ச பிள்ளையா இருக்கீங்க. எம் மவளுக்கு அஞ்சு வயசு. இதுல என்னமோ கூடியிருக்காம். ரத்தப் புத்துநோயா இருக்கும்னு பக்கத்துல சொல்லுதாங்க."

"அண்ணாச்சி, இந்த ஒரு நம்பரை வச்சு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனா தள்ளிப் போடாதீங்க. டாக்டர்ட்ட போய் முழு ரத்தக் கணக்கு எடுக்கச் சொல்லுங்க" என்றேன். அந்த விடையின் இரண்டு பாதிகளும் ஒன்றுபோலவே முக்கியமானவை.

மலையில் புகை கண்டால் தீயுண்டு என்பது தருக்க நூலார் தரும் பழைய எடுத்துக்காட்டு. எரிவது காடா, அடுப்பா என்று புகை கூறுமோ? குழந்தைகளின் குருதிப் புற்றுநோயில் முதிராத வெள்ளணுக்கள் விரைந்து பெருகி, விரைந்து மடிவதால் எல்.டி.எச். பெரும்பாலும் உயர்கிறது, உண்மைதான். ஆனால் ஈரல் அழற்சி, மலேரியா, தசைக் காயம், சில வகைச் சோகைகள் ஆகியவற்றிலும் அது உயரும். இவ்வளவு ஏன், குருதி எடுக்கும்போது சிவப்பணுக்கள் குழாயிலேயே உடைந்துவிட்டாலும் எண் ஏறிவிடும்! மேலும், குழந்தைகளுக்கு இயல்பு அளவே பெரியவர்களைவிட மிகுதி. பெரியவர்க்குரிய அளவுகோலை அச்சிட்ட தாளில் குழந்தையின் எண்ணைப் பார்த்து நடுங்கும் பெற்றோரை என்னென்பது!

மறு பாதி இதனினும் கவனிக்கத்தக்கது. எல்.டி.எச். இயல்பாக இருந்தாலும் நோய் இல்லையென்று ஆகிவிடாது. குழந்தை வெளிறிப்போவது, விடாத காய்ச்சல், காரணமின்றித் தோன்றும் செம்புள்ளிகளும் கன்றல்களும், எலும்பு வலியால் நடக்க மறுப்பது ஆகிய குறிகள் கண்டால் அணுக்களை எண்ணவேண்டும். ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்பெருக்கியில் காணவேண்டும். ஐயம் வலுத்தால் எலும்பு மச்சையை எடுத்துச் சோதிப்பார்கள்.

நோயின் பெயரைச் சொல்லவும் நொதிகள் உண்டு. ஆனால் அவை குருதி நீரில் மிதப்பவை அல்ல; அணுவின் உள்ளே இருப்பவை. மயலோபெராக்சிடேஸ் காணப்பட்டால் நோய் மயலாய்டு வகை. மற்றொன்று டி.டி.டி. எனப்படுவது. அச்சு எதுவுமின்றியே டி.என்.ஏ. இழையின் நுனியில் எழுத்துகளைக் கோத்துக்கொண்டே போகும் விந்தை நொதி இது! மச்சையிலும் தைமஸ் சுரப்பியிலும் உள்ள இளம் நிணநீரணுக்களுக்கே பெரும்பாலும் உரியது. 1973-இல் டேவிட் பால்டிமோரும் உடனாய்வாளரும் ஒரு குழந்தையின் குருதிப் புற்றணுக்களில் இதனைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். மயலாய்டு வகையிலும் சிலபோது இது தோன்றுவதால், இன்று ஒளிரும் சாயமேற்றிய எதிர்ப்பொருள்களால் அணுவின் பிற அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். இரு வகைக்கும் மருந்து வேறாதலின் இது வெறும் பெயர்ச் சண்டையன்று. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் நிணநீரணு வகை, நல்ல மருத்துவம் கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகிறது. 1981-இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் இத்திருவனந்தபுரத்திலேயே உள்ளது.

அப்படியானால் எல்.டி.எச். வீண்தானா? அன்று. நோய் இன்னதென்று தெரிந்த பிறகு அதன் சுமை எவ்வளவு என்பதை அது ஓரளவு காட்டும். மருந்து தொடங்கியதும் புற்றணுக்கள் திரளாக உடைந்து, யூரிக் அமிலமும் பொட்டாசியமும் குருதியில் வெள்ளமெனப் பெருகிச் சிறுநீரகத்தைத் தாக்குவதுண்டு. எல்.டி.எச். மிக உயர்ந்திருக்கும் குழந்தைக்கு இந்த இடர் மிகுதியாதலால், மருத்துவர்கள் முன்கூட்டியே நரம்பு வழியாக நீரேற்றி, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் கொடுத்து, அதன் பின்னரே சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.