நலம்: யாரைக் கேட்பது?

ஒருவரைக் கண்டதும் நாம் முதலில் வினவுவது நலம். ஆனால், மனநோய்க்குத் தீவிர சிகிச்சை பெறும் இளைஞர் ஒருவரைக் காணச் செல்லும்போது, அவ்வினாவை அருகில் நிற்கும் தாயிடமோ மருத்துவரிடமோ கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். உறக்கம் வந்ததா, மருந்து உட்கொண்டாரா, காதில் ஒலிக்கும் குரல்கள் அடங்கினவா என்பனவே நமக்கு அளவுகோல்கள். இவை இன்றியமையாதவையே. எனினும், அந்த இளைஞர் தம் நலத்தை எதனால் அளக்கிறார் என்பது தனியே நோக்கத்தக்கது.

அம்பத்தூரை அடுத்த அண்ணா நகர் மேற்கு விரிவில் இயங்கும் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தின் அனுபவம் இங்கு நமக்குத் துணைபுரிகிறது. டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984இல் தோற்றுவித்த நிறுவனம் இது. மனப்பிறழ்வுக்கு முதன்முறை ஆளானோருக்கான இதன் சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தவர்களிடம், அவர்கள் அடைய விரும்பும் இலக்குகள் எவை என்று கேட்கப்பட்டது. 2011இல் வெளியான அவ்வாய்வில் வேலை, உறவுகள், படிப்பு ஆகியவையே முன்னிலை பெற்றன. தொழிற்பேட்டைகளும் கல்லூரிகளும் நிறைந்த அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் இதன் பொருளை உணர்வது எளிது. பணியையோ படிப்பையோ பாதியில் விட்ட இளைஞருக்கு, குரல்கள் அடங்கிய பின்னும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது.

சென்னையையும் கனடாவின் மாண்ட்ரீல் நகரையும் ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வொன்று மற்றோர் உண்மையை உரைக்கிறது. ஈராண்டுச் சிகிச்சையில் ஊக்கமின்மை, ஒதுங்கியிருத்தல் முதலிய குறிகளைப் பொறுத்தவரை சென்னையினர் மேலான நிலையை எய்தினர். குடும்பத்தாரின் ஆதரவு இதற்குத் துணைநின்றது. நம் குடும்ப அமைப்பின் வலிமை இது. ஆயினும் துணை நிற்பது வேறு. அவருடைய விடையை நாமே சொல்லிவிடுவது வேறு.

பத்தாம் நூற்றாண்டின் அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடல்நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து ஆராய்ந்தார். உள்ளத்தின் நோய் இழிவன்று என்னும் தெளிவு நம் மரபுக்குப் புதிதன்று. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, வயது வந்த ஒவ்வொருவரும் தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க உரிமை அளிக்கிறது.

சட்டம் தந்த உரிமைக்கு வீட்டிலும் இடம் வேண்டும். அடுத்த முறை நலம் விசாரிக்கச் செல்கையில், நாம் அந்த இளைஞரின் அருகமர்ந்து அவரிடமே கேட்போம்; அவர் விடை கூறும்வரை காத்திருப்போம்.