கடையில் ரூ.800 பொருள் திருடியதாகப் புகாரா? அடுத்து என்ன நடக்கும்?

பையில் போட்ட ஃபேஸ் கிரீமுக்கு பில் இல்லை. வாசலில் செக்யூரிட்டி நிறுத்துகிறார். விலை ரூ.800தான். ஆனால் விஷயம் உங்கள் அடுத்த வேலையின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் வரை வரலாம்.

மறந்துட்டேன், அது திருட்டா?

இல்லை. திருடும் எண்ணத்தோடு எடுத்தீர்கள் என்று நிரூபிக்க வேண்டும்.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

பொருளைத் திருப்பிக் கேட்கலாம், போலீஸைக் கூப்பிடலாம். அறையில் பூட்டிவைத்து "பத்து மடங்கு கட்டு" என்று மிரட்ட முடியாது. சட்டவிரோதமாக அடைத்து வைப்பதே தனிக் குற்றம். 112-ஐ அழையுங்கள். பயந்துபோய் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியமாகலாம்.

ரூ.5,000 ஏன் முக்கியம்?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவுப்படி, திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொருளின் மதிப்பு ரூ.5,000-க்குக் குறைவு, இதுதான் முதல் முறை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாச்சு என்றால் தண்டனை சமூக சேவை. ரூ.5,000-க்குக் குறைவான வழக்கில் ஜாமீன் உங்கள் உரிமை. வாரன்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது.

அப்போ பயப்பட வேண்டாமா?

எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். குடியிருக்கும் கட்டடத்திலோ, பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்திலோ நடக்கும் திருட்டுக்கு 305-வது பிரிவு இருக்கிறது: 7 ஆண்டு வரை சிறை, எளிதில் ஜாமீன் கிடையாது. ரூ.5,000 சலுகை அதில் இல்லை. கடைத் திருட்டுக்கு இந்தப் பிரிவைப் போட்டால், இது பொருந்துமா என்று உங்கள் வக்கீல் கேள்வி எழுப்ப வேண்டும்.

சமூக சேவைதானே, ஒத்துக்கிட்டுப் போயிடலாமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சமூக சேவையும் தண்டனைதான். நீங்கள் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகே அது வரும். "எப்போதாவது தண்டனை பெற்றதுண்டா?" என்று வேலை விண்ணப்பம் கேட்டால், உண்மையான பதில் "ஆம்".

வேறு வழியும் உண்டு. 303-வது பிரிவு வழக்கில் பொருளின் உரிமையாளர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளலாம். அப்படி முடிந்தால் சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். இரண்டிலும் பொருள் கடைக்குப் போய்விடும். ஒன்றில் மட்டும்தான் உங்கள் மேல் தண்டனை இருக்காது.

ஆகவே 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று சொல்வதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு இல்லாமலே அது கிடைக்கும்.