பாய்மரக் கப்பலில் பால்குடிப் பிள்ளைகள்

19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்த தமிழர்களில் பிள்ளைகுட்டிகளோடு போனவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஆட்களை ஏற்றிய முதல் கப்பல் ‘ட்ரூரோ’ 1860 அக்டோபரில் சென்னையை விட்டு, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. கரீபியத் தீவுகளுக்குப் போன பாய்மரக் கப்பல்களுக்கோ ஏறத்தாழ 3 மாதம் பிடித்தது.

இந்தக் கூலிகளில் பலர் கடலையே பார்த்திராத உள்நாட்டுக்காரர்கள். சேலம் மாவட்டத்திலும் ஆள் திரட்டினார்கள். மழையை நம்பிய அந்த மேட்டு நிலத்தை 1876–78 தாது வருஷப் பஞ்சம் மிகக் கடுமையாக உலுக்கியது.

சென்னையில் அப்போது கப்பல் வந்து அணையும் துறைமுகம் இல்லை. கப்பல் தள்ளி நிற்கும். கரையிலிருந்து மசூலா படகில்தான் போக வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. கைக்குழந்தையை மார்போடு அணைத்த தாய், அலையில் நனைந்துதான் கப்பலேறியிருப்பாள்.

கப்பலின் கீழ்த்தளத்தில் தனி ஆண்கள் முன்புறம், தனிப் பெண்கள் பின்புறம், குடும்பங்கள் நடுவில். குடும்பத்துக்கென்று அறை கிடையாது. பாய் விரிக்கும் இடம்தான் வீடு. சோறு மேல்தளத்தில் வேகும். அரிசி, பருப்பு, கருவாடு, புளி, மிளகாய் எல்லாம் அளந்து தரப்பட்டன. கடல் கொந்தளித்து அடுப்பு மூட்ட முடியாத நாட்களில் அவலும் பிஸ்கோத்தும்தான். சிறு பிள்ளைகளுக்குப் பாதிப் படி. கப்பலில் இடம் கணக்கிடும்போதும் இரண்டு பிள்ளைகள் ஒரு பெரியவருக்குச் சமம். பாலை மறந்து, சோற்றுக்கு இன்னும் பழகாத பிள்ளைக்கு அந்தப் பாதிப் படியால் என்ன பயன்? குழந்தைகளுக்கென்று டப்பாப் பால் ஏற்றும் வழக்கம் பின்னால்தான் வந்தது. அதுவரை தாய்ப்பாலே கதி. அந்தத் தாய்க்கோ கடல் மயக்கத்தில் உண்டது தங்காது.

நெருக்கடியான தளத்தில் மணல்வாரி ஒரு பிள்ளைக்குக் கண்டால் மற்றதற்கும் தொற்றும். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். பெரியவர்களைவிடக் குழந்தைகளே அதிகம் இறந்தார்கள். உடலைக் கடலில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. 1856–57இல் கல்கத்தாவிலிருந்து கரீபியத்துக்குப் போனவர்களில் 100க்கு 17 பேர் வழியிலேயே மாண்டனர். உயிரோடு கரையிறங்கும் தலைக்கு இவ்வளவு என்று கப்பல் மருத்துவருக்குக் கூலி பேசப்பட்டது. கரீபியத்துக்குப் போகிறவர்களைத் தென்னாப்பிரிக்க முனையைச் சுற்றும்போது குளிர் வாட்டும். வெயில் மண்ணில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கம்பளிதான் துணை.

காற்று ஒத்துழைத்த நாட்களில் எல்லோரையும் மேல்தளத்துக்கு அனுப்பிக் கீழே கழுவிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு வெயிலும் காற்றும் கிடைத்த நேரம் அது. நடுக்கடலில் பிரசவங்களும் நடந்தன. பிறந்த குழந்தையின் பெயர் கப்பல் பட்டியலில் ஏறியது. நேட்டால் பட்டியல்களில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் எழுதப்பட்டிருக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தங்கள் பூர்வீக ஊரைத் தேடும்போது இன்றும் அந்தப் பட்டியல்களைத்தான் புரட்டுகிறார்கள்.