செட்டிகுளத்தின் சந்தேகம்

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகும் ரயில் பாதையில், அருவியாற்றை அண்டி இருக்கிறது செட்டிகுளம். வயலும் குளமும் காடும் சூழ்ந்த ஊர். இங்கே யாரோடு பேசினாலும் பேச்சு கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கும். "இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தான் கிட்னி பழுதாப் போச்சு" என்பார் ஒருவர். "எங்கட அப்பு ஆச்சி எல்லாம் இதே கிணத்துத் தண்ணியைத்தான் குடிச்சவை. அவைக்கு ஒண்டும் வரேல்லையே. எல்லாம் வயலுக்கு மருந்தடிக்கத் தொடங்கினாப் பிறகுதான்" என்று அவரை மறுப்பார் பக்கத்தில் இருப்பவர். இருவருமே உடன்படுகிற ஒரே விடயம், டொக்டர்மாருக்கும் காரணம் தெரியாது என்பது.

அது உண்மைதான். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்து, பிறகு செட்டிகுளம் இருக்கும் வவுனியா மாவட்டத்திலும் அடையாளம் காணப்பட்ட இந்த நோய்க்கு இன்றுவரை உறுதியான காரணம் சொல்லப்படவில்லை. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இல்லாத, நடுவயது விவசாயிகளின் சிறுநீரகங்கள் சத்தமில்லாமல் சுருங்கிப் போகின்றன. மருத்துவ நூல்கள் இதைக் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பதிவு செய்திருக்கின்றன. முப்பது ஆண்டுகள் ஆகியும் ஏன் தெரியவில்லை என்று செட்டிகுளத்து விவசாயி கேட்டால், அவரைப் படிப்பறிவில்லாதவர் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. அந்தக் கேள்விக்கு முழு நியாயம் இருக்கிறது.

இந்த முப்பது ஆண்டுகளில் அவர் காதில் விழுந்தவற்றைப் பாருங்கள். பல்லில் மஞ்சள் கறை ஏற்றும் புளோரைட்டுதான் காரணம் என்றார்கள். அந்தப் புளோரைட்டு நீரைத் தரங்குறைந்த அலுமினியப் பானையில் கொதிக்க வைப்பதால் வருகிறது என்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கருத்து வந்தது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, குளத்தோடு சேர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்கள் உண்ணும் அரிசியிலும் திலாப்பியா மீனிலும் உள்ள கட்மியத்தைக் காட்டியது. தாமரைக் கிழங்கின் பெயரும் அதே பட்டியலில் அடிபட்டது. பிறகு ஆசனிக் வந்தது, அதற்குப் பின் களைநாசினி, அதற்கும் பின் வெயில். ஒவ்வொன்றும் செய்தியாக ஊருக்குள் வந்தபோது, "காரணம் கண்டுபிடிக்கப்பட்டது" என்றே வந்தது. ஓர் ஆய்வாளர் "தொடர்பு இருக்கலாம்" என்று எழுதியது கொழும்பிலிருந்து செட்டிகுளம் வந்து சேர்வதற்குள் "நிரூபணம்" ஆகிவிடுகிறது.

ஆசனிக் வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2011-இல் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நலின் டி சில்வாவும் அவரோடு இருந்தவர்களும், நோய்க்குக் காரணம் ஆசனிக் என்பதை நாத தெய்வமே தங்களுக்கு அறிவித்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் அரிசியைப் பற்றிப் பயம் பரவியது. தெய்வ நம்பிக்கை அவரவர் உரிமை. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரோடு வரும் முடிவு யாரும் திரும்ப அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் இலங்கை சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்தி 2013-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, குடிநீரில் ஆசனிக்கும் கட்மியமும் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே இருப்பதைக் கண்டது. நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் கூடியிருந்ததையும் அதே ஆய்வு சொன்னது. நோய் ஆண்களில் 12.9 வீதம், பெண்களில் 16.9 வீதம் என்பது அதன் கணக்கு; முற்றிய நிலையில் இருந்தவர்கள் ஆண்களே அதிகம்.

பிறகு 2014 பெப்ரவரியில் ஆய்வாளர் சன்ன ஜயசுமனவும் மற்றவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கிளைபோசேட் என்னும் களைநாசினி, கடினத் தன்மையுள்ள நிலத்தடி நீரோடும் பார உலோகங்களோடும் சேர்ந்து சிறுநீரகத்தைச் சேதப்படுத்தக்கூடும் என்பது அதன் சாரம். அதை ஒரு கருதுகோள் என்றே அவர்கள் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே, 2015-இல், நாடு முழுவதும் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. தடை வந்தபோதும் தளர்ந்தபோதும் நிரூபணம் ஏதும் புதிதாக வந்துவிடவில்லை.

நிரூபணம் இல்லாமலே முடிவெடுக்கும் இதே போக்கின் கொடிய வடிவத்தை 2020-இல் பார்த்தோம். கோவிட்டால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொல்லி உடல்களைக் கட்டாயமாக எரித்தார்கள். 2021 பெப்ரவரி வரை முஸ்லிம் குடும்பங்கள் அந்த வேதனையைச் சுமந்தன. அரசு அதற்கு மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது 2024 ஜூலையில்தான். 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த பாணியைக் கோவிட்டுக்கு மருந்து என்று ஒருவர் கொடுத்தபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சராக இருந்தவரே அதைப் பகிரங்கமாகக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கும் தொற்று உறுதியானது. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அதற்குச் சொன்ன நியாயங்களில் சிறுநீரக நோயும் ஒன்று. நவம்பரில் தடையை விலக்கியபோது காலபோகம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. வன்னி விவசாயியின் நோயைச் சாட்டி வன்னி விவசாயியின் வயலையே வாடவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு செட்டிகுளத்தில் ஒருவர் "ஆராய்ச்சி எண்டு வாற ஆக்களை நம்பேலாது" என்றால், அந்த அவநம்பிக்கையை விதைத்தவர்கள் மேலேதான் இருக்கிறார்கள். போர்க்காலத்தில் வன்னிக்கு மருந்து வருவதே கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. 2009-இல் இதே பிரதேசத்தின் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்தார்கள். அதிகாரம் வந்து "உங்கள் நன்மைக்காகத்தான்" என்று சொல்வதைச் சந்தேகத்தோடு கேட்கும் பழக்கம் இந்த மண்ணுக்கு அனுபவத்தில் வந்தது.

ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். வைத்தியசாலையைச் சந்தேகிக்கிற அதே மனிதர், போத்தலில் வருகிற "கிட்னி கசாயத்தை" ஒரு கேள்வியும் கேட்காமல் குடிக்கிறார். அது எனக்குப் பயமாக இருக்கிறது. சந்தேகம் ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் அது நம்மை ஏமாற்றுகிறவனுக்கே உதவுகிறது. மூலிகை என்பதால் தீங்கில்லை என்ற நம்பிக்கை, சிறுநீரகத்தைப் பொறுத்தவரை மிகவும் ஆபத்தானது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், உடல் மெலிவதற்குச் சீன மூலிகை சாப்பிட்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அதில் அரிஸ்டலோக்கியா இனத்துச் செடி கலந்திருந்தது. நம்முடைய பெருமருந்துக் கொடி, ஈசுரமூலி என்று சொல்லப்படுவதும் அந்த இனம்தான். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். பரம்பரைப் பரியாரியார் எல்லோரையும் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என்ன சேர்த்தது என்று எழுதாத போத்தலை, சிறுநீரகம் பலவீனமான ஒருவர் தொடவே கூடாது.

அந்தச் செடியோடு இன்னொரு கதையும் சேர்ந்திருக்கிறது. தன்யூப் ஆற்றின் கிளையாறுகளை ஒட்டிய பால்கன் கிராமங்களிலும் இப்படித்தான் விவசாயிகளின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 1950களில் மருத்துவர்கள் அதை அடையாளம் கண்டார்கள். தண்ணீரைச் சொன்னார்கள், பூஞ்சணத்தைச் சொன்னார்கள், உலோகத்தைச் சொன்னார்கள். கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டலோக்கியாவின் விதை மாவோடு சேர்ந்து ரொட்டிக்குள் போயிருந்தது என்பது தெளிவாக ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. அதனால்தான், இன்னும் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லும் ஆய்வாளரை நான் மதிக்கிறேன். இரண்டே நாளில் காரணமும் மருந்தும் சேர்த்துச் சொல்கிறவரிடமிருந்து நாம் விலகி நிற்க வேண்டும்.

நம்முடைய கேள்வி இன்னும் மூடப்படவில்லை. 2023-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் உள்ள பகுதிகளின் கிணறுகளில் 44 வீதத்தில் கிளைபோசேட் இருப்பதையும், வெளியே அது 8 வீதம் மட்டுமே என்பதையும் கண்டார்கள். கவனிக்க வேண்டிய தகவல் இது. காரணம் அதுதான் என்பதை இது நிறுவவில்லை. எல் சல்வடோரிலும் நிக்கராகுவாவிலும் கரும்புத் தொழிலாளருக்கு இதே மாதிரி நோய் வருகிறது; அங்கே வெயிலும் நீரிழப்பும் முதன்மைச் சந்தேகத்தில் இருக்கின்றன. தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வெயில் மட்டும் என்றால் அம்பாந்தோட்டையில் ஏன் இந்த அளவுக்கு இல்லை, கடின நீர் மட்டும் என்றால் யாழ்ப்பாணத்தில் ஏன் இல்லை என்ற கேள்விகள் மிஞ்சுகின்றன. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியும் இதே புதிரோடுதான் இருக்கிறது.

காரணம் தெரியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க வயலில் குனிந்து நின்றுவிட்டு, முதுகு வலிக்குப் பாமசியில் டைக்குளோபெனக்கோ ஐபுபுரூஃபனோ வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். காரணம் பற்றிய வாதம் எப்படி முடிந்தாலும் இந்தத் தீங்கு உறுதியானது. வலிக்கு மாத்திரை வேண்டுமென்றால் வைத்தியரைக் கேட்டு எடுங்கள். நண்பகல் வெயிலில் மருந்தடிப்பதைத் தவிருங்கள், வயலுக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டு போங்கள். ஆர்.ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீர் கிடைக்கும் இடத்தில் அதைக் குடிப்பது நல்லதே. அது புளோரைட்டையும் கடினத் தன்மையையும் குறைக்கும். ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை அது திருத்தாது. வடிகட்டியை மாற்றாத இயந்திரத்தால் பயனும் இல்லை. ஆகையால் விற்கிறவரிடம் எப்போது கடைசியாகச் சோதித்தீர்கள் என்று கேட்பது குடிப்பவரின் உரிமை.

பரிசோதனையில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். இந்த நோயின் தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது. எனவே சிறுநீர்ச் சோதனை சரியென்று வந்ததை மட்டும் வைத்து ஆறுதல் அடைய முடியாது. இரத்தத்தில் கிரியட்டினின் என்னும் கழிவின் அளவைப் பார்க்க வேண்டும். அதுவும் சிறுநீரகத்தின் வேலை பாதிக்குக் கிட்டக் குறைந்த பிறகுதான் தெளிவாக உயரும். தசைக்கட்டுள்ள இளைஞருக்குச் சாதாரணமான ஓர் எண், மெலிந்த வயதான அம்மாவுக்குக் கெட்ட எண்ணாக இருக்கலாம். அதனால் வயதையும் ஆண் பெண்ணையும் சேர்த்துக் கணக்கிட்ட, சிறுநீரகம் வடிகட்டும் வீதத்தையும் கேளுங்கள். ஒருமுறை கூடி வந்துவிட்டால் பயந்து கசாயக் கடைக்கு ஓட வேண்டாம். மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதித்தும் அப்படியே இருந்தால்தான் அது நாட்பட்ட நோய்.

வைத்தியசாலையிடமும் ஆய்வாளரிடமும் கேட்க வேண்டியதை நம் மக்கள் கேட்கத் தயங்குகிறார்கள். ஊருக்கு வந்து இரத்தமும் சிறுநீரும் கிணற்று நீரும் எடுத்துப் போகிற ஒவ்வொரு குழுவும், முடிவைத் தமிழில் எழுதி அந்த வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். என் கிணற்றில் என்ன இருந்தது, என் கிரியட்டினின் எவ்வளவு என்பதைச் சொல்லாமல் கொழும்பிலும் வெளிநாட்டிலும் கட்டுரை எழுதுவது நியாயமில்லை. அடுத்த முறை யாராவது படிவத்தோடு வந்து கையெழுத்துக் கேட்டால், முடிவு எப்போது, யார் மூலம் வரும் என்பதை அந்தப் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்த பிறகு கையெழுத்திடுங்கள்.