கவுதாரிக் கணக்கு

கோவில்பட்டிக் கரிசலில், குருமலைக் காட்டோரத்தில் விடிகாலைக் கவுதாரிச் சத்தம் முன்னைப்போலக் கேட்குதா? "குறைஞ்சு போச்சு" என்று சொன்னால் போதாது, எண்ணிப் பார்க்கணும்.

சித்திரையில் காற்றில்லாத ஒரு நாள், சூரியன் கிளம்புமுன் புஞ்சையில் ஓரிடத்தில் 10 நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். எத்தனை இடத்திலிருந்து கூப்பாடு வருது என்று குறித்து வையுங்கள். ஆணும் பெட்டையும் சேர்ந்தே கத்தும். அதை ஒரு ஜோடியாகவே எண்ணுங்கள். அடுத்த வருஷமும் அதே மாதம், அதே இடம், அதே நேரம். மாற்றினால் கணக்கு உதவாது.

கவுதாரி முட்டையிடுவது தரையில், புல்தூருக்கடியில். ராத்திரி அடைவது முள்மரத்தில். இரண்டும் பக்கத்திலேயே வேணும். கோடையில் பொழிப்புல்லுக்குத் தீ வைத்தால் முட்டையும் போச்சு. உடைமரம், இலந்தைப்புதர் நாலு நிற்கட்டும். வேலிக்கருவை அடர்ந்து மூடினால் புல் முளைக்காது. அங்கே கழித்து விடுங்கள், ஆனால் ஒரேயடியாய் மொட்டையடிக்க வேண்டாம்.

"விதையைப் பொறுக்குதே" என்பீர்கள். பொறுக்கும்தான்! கறையானையும் தின்னுமே, குஞ்சு வளர்வதே பூச்சியில்தான்.

கண்ணி வைப்பது 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழக்கின கவுதாரியைக் கூண்டில் கத்தவிட்டு மற்றதைப் பிடிக்க வருகிறவர்களைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லி விடுங்கள்.