ஆண்டுக்கு ஒரே உதயம்

தமிழகத்திலிருந்து தில்லிக்குக் குடிபெயர்ந்த நாம் முதலாண்டிலேயே ஒரு வேறுபாட்டை உணர்கிறோம். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. தில்லியிலோ ஜூன் மாதப் பகல் சுமார் 14 மணி நேரம் நீள்கிறது. டிசம்பரில் அது 10 மணி 20 நிமிடமாகச் சுருங்குகிறது. வடக்கே செல்லச் செல்ல இவ்வேறுபாடு வளரும். வட துருவத்தையே அடைந்துவிட்டால் ஆண்டு முழுவதற்கும் ஓர் உதயம், ஓர் அஸ்தமனம் மட்டுமே!

காரணம் பூமியின் சாய்வே. பூமியின் அச்சு, அது சூரியனைச் சுற்றிவரும் தளத்துக்குச் செங்குத்தாக நில்லாமல் 23.4 பாகை சாய்ந்துள்ளது. ஆண்டு முழுவதும் அச்சு ஒரே திசையை நோக்கியிருப்பதால், வட துருவம் ஆறு மாதம் சூரியன் பக்கமும் ஆறு மாதம் அப்பாலும் சாய்ந்திருக்கிறது.

நம் ஊர்களில் சூரியன் எழுவதும் மறைவதும் பூமியின் அன்றாடச் சுழற்சியால். துருவமோ ராட்டினத்தின் நடுக்கம்பம் போன்றது. அங்கு நிற்பவரைச் சுழற்சி நின்ற இடத்திலேயே திருப்புகிறது. ஆதலால் சூரியன் அடிவானத்தையொட்டி வட்டமிடுகிறது. வட்டம் சிறிது சிறிதாக உயர்ந்து, ஜூன் 21-ஆம் நாளையொட்டி 23.4 பாகையை எட்டிப் பின்னர் தாழ்கிறது.

பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20-க்கு இரண்டொரு நாள் முன்னரே சூரியனின் விளிம்பு தென்படும். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதே முக்கிய காரணம். நமக்கு இரண்டு மூன்று நிமிடங்களில் முடியும் உதயம் அங்கே ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும்.

தேவர்களுக்கு நம் ஓராண்டு ஒரு நாள் என்பர்; தை முதல் ஆனி வரை அவர்களது பகல் என்பது வழக்கு. துருவப் பகலோ பங்குனியில் தொடங்கிப் புரட்டாசியில் முடிகிறது. எஞ்சிய ஆறு மாதமும் காரிருள் அன்று. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கும்வரை அந்தியொளி உண்டு. முழு இருள் ஏறத்தாழ பதினொரு வாரமே.

தென் துருவப் பக்கம் பருவங்கள் தலைகீழ். அண்டார்க்டிகாவில் 1989-இல் நிறுவப்பட்ட நமது மைத்ரி நிலையத்தில் குளிர்காலத்தைக் கழிப்போர், மே மாதப் பிற்பகுதி முதல் சுமார் இரண்டு மாதம் சூரியனைக் காண்பதில்லை. விழிப்பதும் உறங்குவதும் கடிகாரத்தைப் பார்த்தே. நாம் ஆடியில் அடியெடுத்து வைக்கும் நாட்களில்தான் அங்கே சூரியனின் விளிம்பு மீண்டும் தலைகாட்டுகிறது. அன்றாடம் நம் வாயிலுக்கு வரும் வெயிலின் அருமையை அவர்களே நன்கறிவர்.